தாமத விமானப் பயணியரின் நகர்வலமும் யானைக் கால்சட்டையும்: பாங்காக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பயண இலக்கியம் பற்றித் தமிழில் வந்த ஆய்வேடுகள் எல்லாம் போனவர்களைப் பற்றியே பேசுகின்றன. திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றினார், எழுதினார். அவர் எழுதியதைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். அவர்கள் எழுதியதைப் பற்றி இப்போது கருத்தரங்குகள் நடக்கின்றன. ஆனால் செட்டியார் காலத்துப் பயணம் பெரும்பாலும் கப்பலில். கப்பல் நடுக்கடலில் தாமதமானால் இறங்கி ஊர் பார்க்க முடியாது. விமானம் கிளம்பாமல் போனாலோ, கேட்காமலே ஒரு மாநகரம் வந்து பயணியின் மடியில் விழுகிறது. அவன் வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருக்கிறான். தாய்லாந்துப் பணத்தையெல்லாம் உலர்ந்த மாம்பழத்தில் செலவழித்து முடித்துவிட்டான். பல் துலக்கும் பிரஷ் பெட்டிக்குள் போய், பெட்டி பெல்ட்டோடு போய்விட்டது. இந்நிலையில் ஒருவன் ஒரு நகரத்தை எவ்வாறு காண்கிறான், எதை உடுத்திக்கொண்டு திரும்பி வருகிறான் என்று கேட்ட ஆய்வாளர் எவரும் இலர். ஆகவே 'இத்துறையில் இதுவே முதல் ஆய்வு' என்னும் வாக்கியத்தை இங்கே எழுதிக்கொள்கிறோம். இந்த வாக்கியம் இல்லாமல் தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆய்வுக் களமும் காலமும்

களம் பாங்காக். காலம் போகி. களத்தைத் தேர்ந்தவர் ஆய்வாளர் அல்லர், சென்னைவாசிகள். போகியன்று விடியுமுன் பழைய பாய், தேய்ந்த துடைப்பம், பஞ்சு பிதுங்கிய தலையணை, எவ்வளவு சொல்லியும் சிலர் விடாத சைக்கிள் டயர் எல்லாம் தெருவுக்கு வந்து எரிகின்றன. புகை மார்கழிப் பனியோடு கூட்டுச் சேர்ந்து ஓடுபாதை மேல் படுத்துக்கொள்கிறது. 2018 போகியன்று இப்படித்தான் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன, கிளம்ப வேண்டியவை கிளம்பாமல் நின்றன. சென்னையிலிருந்து வந்து நம்மை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய விமானம் சென்னையிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் நாம் பாங்காக்கில் என்ன செய்வது? ஆக, மாம்பலத்தில் ஒருவர் பாயைக் கொளுத்துகிறார். வங்கக் கடலுக்கு அப்பால் ஒருவர் யானைக் கால்சட்டை வாங்குகிறார். இவ்விரு செயல்களுக்கும் உள்ள காரண காரியத் தொடர்பை ஐயத்துக்கிடமின்றி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை

'அடுத்த அறிவிப்பு நாலு மணிக்கு' என்று சொன்ன கவுண்ட்டரிலிருந்து நாலு மணிக்குள் திரும்பிவரக்கூடிய தூரம்.

முன்னோடி மரபு

மாட்டிக்கொள்ளுதலுக்குப் பெருமரபு, சிறுமரபு என இரண்டுண்டு. 2008 நவம்பர் 25 அன்று போராட்டக்காரர்கள் பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தைக் கைப்பற்றி டிசம்பர் முதல் வாரம் வரை இழுத்து மூடிவைத்தார்களே, லட்சக்கணக்கானோர் ஊர் திரும்ப முடியாமல் உத்தப்பாவோ கடற்படை விமானத் தளம் வழியாகத் தப்பினார்களே, அது பெருமரபு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை ஐரோப்பிய வானத்தையே அடைத்ததும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் குளமானதும் அதில் அடங்கும். பெருமரபினரைத் தொலைக்காட்சிக்காரர்கள் தேடி வருவார்கள், தூதரகம் போன் செய்யும், ஊரில் மாமியார் வேண்டிக்கொள்வார். சிறுமரபினருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. 'பாய் எரிஞ்ச புகையில ஃப்ளைட் லேட்டாம்' என்றால் கட்டின மனைவியே நம்புவதில்லை. இக்கட்டுரை சிறுமரபைப் பற்றியது. பெருமரபுக்கு ஏற்கெனவே நிதி ஒதுக்கீடு உண்டு.

பயணியர் வகைப்பாடு

தாமதப் பயணியர் இமிகிரேஷன் முத்திரைக்கு முந்தையோர், பிந்தையோர் என இரு பிரிவினர்.

பிந்தையோர் நிலை இரங்கத்தக்கது. 'வெளியேறினார்' என்று கடவுச்சீட்டில் குத்தியாயிற்று. அவர் தாய்லாந்திலும் இல்லை, இந்தியாவுக்கும் வந்து சேரவில்லை. திரிசங்கு கதைக்கு இதுவரை உரை எழுதியவர்களில் எவரும் சுவர்ணபூமியின் புறப்பாட்டுப் பகுதியில் உட்கார்ந்து எழுதவில்லை என்பது பெருங்குறை. அவர்களுக்காகவே வைத்தது போல, இமிகிரேஷனைத் தாண்டியதும் பாற்கடல் கடையும் சிற்பம் ஒன்று பெரிய அளவில் நிற்கிறது. தலைப்பக்கம் அசுரர், வால்பக்கம் தேவர், நடுவே மலை, மலை உச்சியில் திருமால். இரு தரப்பும் மும்முரமாக இழுக்கின்றன, ஒன்றும் கிளம்புவதில்லை. பயணியர் முதல் மணியில் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் மணியில் அசுரர் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். அதற்கப்புறம், விமானக் கம்பெனி எந்தப் பக்கம் என்ற வாதம் தொடங்குகிறது.

முந்தையோர் மூவகைப்படுவர்: இருக்கையர், வினவுநர், நகர்வலத்தார்.

இருக்கையர் உட்கார்ந்திருப்பார்கள்.

வினவுநர் கவுண்ட்டரைச் சுற்றியே வாழ்பவர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போய், போனதரம் கேட்ட அதே கேள்வியை வேறு உச்சரிப்பில் கேட்பது இவர்தம் ஆய்வு முறை. 'ஃப்ளைட் வராது சார், எனக்கு அப்பவே தெரியும்' என்பது இம்மரபின் முதற்சூத்திரம் (நீலச் சட்டைக்காரர், வாய்மொழி). எப்பவே என்று கேட்டதற்கு, 'டிக்கெட் போடும்போதே' என்று விரித்துரைத்தார் (மேற்படியார், திருத்திய இரண்டாம் பதிப்பு). 'தெரிஞ்சும் ஏன் போட்டீங்களாம்' என்ற அடி அவர் மனைவியின் சுவடியில் மட்டும் காணப்படுகிறது. மூலபாடத்தோடு ஓசை ஒத்துவரவில்லை என்று கூறி நீலச் சட்டைக்காரர் அதை இடைச்செருகல் என ஒதுக்கிவிட்டார். பொருள் ஒத்துவருகிறதே என்றால், பதிப்பாசிரியர்கள் என்றைக்குப் பொருளைப் பார்த்தார்கள்?

நகர்வலத்தாரே நம் ஆய்வுப் பொருள். அவர்களிடம் போகுமுன் ஒரு கடமை பாக்கியிருக்கிறது.

திணை வகுத்தல்

தமிழாய்வு என்று இறங்கிவிட்டால் திணை வகுக்காமல் கரையேற விடமாட்டார்கள். காத்திருத்தல் முல்லைக்கு உரிப்பொருள். ஆகவே தாமதப் பயணி முல்லையில் அடங்குவான் என்பர் ஒருசாரார். பிரிவும் உண்டு, ஏசிக் காற்றில் தொண்டை வறட்சியும் உண்டு, ஆகவே பாலையே என்பர் மற்றொரு சாரார். கவுண்ட்டர்ப் பெண்ணோடு நிகழ்ந்தது ஊடல், எனவே மருதம் என்றவர் ஒருவரும் உளர். அவரைக் காவலர்கள் கவுண்ட்டரிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

வம்பே வேண்டாம், ஆறாந்திணை என்று ஒன்றைத் தொடங்கிவிடலாமே என்றால், அந்த எண்ணுக்குப் பட்டா வாங்கியவர்கள் பலர். புலம்பெயர்ந்தோர் பனிக்கு வாங்கினார்கள், ஓர் இணைய இதழ் தன் பெயருக்கு வாங்கியது, ஒரு மருத்துவர் சோற்றுத் தட்டுக்கு வாங்கினார். ஆகவே ஏழாவதை நாம் வளைத்துப் போடுகிறோம். நிலம்: இருக்கையும் இருக்கை சார்ந்த இடமும். பெரும்பொழுது போகி. சிறுபொழுது 'இன்னும் அரைமணி'. தெய்வம் அறிவிப்புப் பலகை. உணவு கூப்பனுக்குக் கொடுத்த சாண்ட்விச். விலங்கு டிராலி. பறை 'டிங்-டாங்'. பறவை இல்லை, இருந்தால் ஏறிப் போயிருப்போம். உரிப்பொருள், 'ஏதாவது சொன்னாங்களா?' என்று கேட்டலும் கேட்டல் நிமித்தமும்.

இதனால் ஆய்வுக்கு விளைந்த பயன் யாது என வினவுவார்க்கு, இதனால் ஓர் இயல் நிறைந்தது என்க.

நேரக் கோட்பாடு

தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. பாங்காக்கில் நாலு என்றால் சென்னையில் இரண்டரை. இதனால் பயணியரிடையே இந்திய நேரத்தார், தாய் நேரத்தார் என்ற பிளவு தோன்றியது. வீட்டுக்குப் போகும் நாளென்று விடியற்காலையிலேயே கைக்கடிகாரத்தை இந்திய நேரத்துக்குத் திருப்பிவிட்டவர்கள் முன்னவர். 'நாலு மணிக்கு அறிவிப்பு' என்றதும் அது எந்த நாலு என்ற சிக்கல் எழுந்தது. நம்ம ஊர் விமானம், ஆகவே நம்ம ஊர் நாலுதான் என்று வாதித்து, கையில் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக இருப்பதாக மகிழ்ந்து, ஒரு குழு மாலுக்குக் கிளம்பிப் போனது. அக்குழுவைப் பற்றி அதன்பின் நம்பகமான சான்றுகள் கிடைக்கவில்லை.

நகர்வலம்

விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்து நகருக்குள் ரயில் போகிறது. 2010-இல் தொடங்கிய தடம். அரைமணிக்குள் பாயா தாய் நிலையத்தில் இறக்கிவிடுகிறது, 45 பாட். அங்கிருந்து உயர்மட்ட ரயிலில் ஒரே நிறுத்தம் ராச்சத்தேவி. கொஞ்சம் நடந்தால் ஹுவா சாங் படித்துறை. சென் செப் கால்வாய்ப் படகு அங்கே வருகிறது. வருகிறது என்பது உபசாரச் சொல். அது படித்துறையை உரசிக்கொண்டு போகிறது, நாம் அதற்குள் விழுகிறோம். நடத்துநர் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி வந்து சீட்டுக் கிழிக்கிறார். எதிர்ப்படகு வரும்போது கறுப்புத் தண்ணீர் எகிறும். ஓரத்தில் உட்கார்ந்தவர் கையெட்டும் கயிற்றை இழுத்தால் தார்ப்பாய் மேலேறி எல்லாரையும் காக்கும். உள்ளூர்க்காரர்கள் செல்போனிலிருந்து கண்ணெடுக்காமலே இழுக்கிறார்கள். நம்மவர் ஓரத்தில் இருந்தால் நகரைப் பார்க்கிறார். நனைவது மொத்த வரிசையும். தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையே கீழே இறங்குகிறது. ஆறடிக்காரர்கள் அப்போது தாய்லாந்து முறையில் வணக்கம் சொல்வது போல் குனிய வேண்டியிருக்கிறது.

கடைசித் துறை வரை போகிறோம். இறங்கி நடந்தால் சுத்தாட் கோயில் முன்னே சிவப்பு வண்ணத்தில் மாபெரும் ஊஞ்சல் நிற்கிறது. 1784-இல் முதலாம் ராமா காலத்தில் முதன்முதலில் நிறுவியது. ஊஞ்சலென்றால் நெடுந்தூண்களும் மேலே ஓர் உத்தரமும் மட்டுமே, பலகை கிடையாது. முன்பு திரியம்பாவாய் விழாவில் ஆட்கள் இதில் ஏறி உந்தி ஆடி, எதிரே உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். விழுந்து உயிர் போவது வழக்கமாகிவிட, 1935-இல் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அருகிலேயே பிராமணர் கோயிலான தேவஸ்தானம். மார்கழியை ஒட்டி வரும் அந்த விழாவில் அரசவைப் பிராமணர்கள் பாடுவது நம் திருவெம்பாவை என்பது தனிநாயகம் அடிகள் போன்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்து சொன்ன செய்தி. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து ஓசை மட்டும் நிற்கிறது, பாடுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது என்கிறார்கள். இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கருத்தரங்குகளில் மேற்கோள்கள் உயிர்வாழ்வதும் இதே முறையில்தான்.

ஊஞ்சலடியில் நகர்வலத்தார் செய்தவை: 'பலகை எங்க?' என்று கேட்டனர். படம் எடுத்தனர். நேரம் பார்த்தனர். கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்தனர். வரவில்லை என்று உறுதிசெய்தபின் மீண்டும் பார்த்தனர்.

சிலோம் சாலை மாரியம்மனைப் பற்றி ஒரு குறிப்பு. 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய கோயில். கோபுரம் நம் ஊர்க் கோபுரமே. உள்ளே வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். தட்டில் தேங்காயும் சாமந்தியும் ஒழுங்காக அடுக்கி, இடித்துத் தள்ளாமல் நிற்கிறார்கள். வரிசையை முந்தப் பார்த்தவர் யார் என்பதை ஆய்வு நெறி கருதி வெளியிடவில்லை. உள்ளே படமெடுக்கத் தடை. எனவே இக்கோயிலுக்குத் தாங்கள் போகவே இல்லை என்று பலர் கருதுகிறார்கள்.

ராச்சபிரசோங் சந்திப்பில் நான்முகனுக்கு 1956-இல் வைத்த சன்னிதி உண்டு. ஏதாவது ஒரு முகம் கட்டாயம் நம்மைப் பார்க்கும்.

அரைநாள் அறிஞர்

இங்கே ஒரு விதியை வகுக்கலாம். ஒரு நகரத்தைப் பற்றிப் பேசுவோரின் உறுதி, அங்கே அவர் தங்கிய காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். ஆண்டுக்கணக்கில் பாங்காக்கில் கடை வைத்திருப்பவரிடம் இந்த ஊர்க்காரர்கள் எப்படி என்று கேட்டால், 'என்னத்தச் சொல்றது, நம்மள மாதிரிதான்' என்று கல்லாவைப் பார்க்கிறார். அரைநாள் சுற்றியவரோ, 'தாய் மக்களோட மென்டாலிட்டி என்னன்னா' என்று தொடங்குகிறார். அவர் பேச்சில் புத்தம் வருகிறது, சோழர் கடற்படை வருகிறது, சிங்கப்பூரோடு ஒப்பீடு வருகிறது, ஊர் போனதும் நூலும் வருகிறது. முழுநாள் இருந்திருந்தால் இரண்டு தொகுதி வந்திருக்குமே என்று அஞ்ச வேண்டாம். முழுநாள் இருந்தால் சந்தேகம் வந்துவிடும், நூல் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஜூமில் தோன்றி வாழ்த்துரை சொன்னால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. கட்டுரைத் தொகுப்புக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணும், படித்தவர்க்குச் சான்றிதழும், சான்றிதழுக்குப் புள்ளியும் உண்டு. இவ்வாய்வாளர் நேரிலேயே அந்நிய மண்ணில், மாற்று உடையின்றி நின்றிருக்கிறார். இதற்கு எத்தனை புள்ளி என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு யோசிக்கட்டும்.

யானைக் கால்சட்டை: தோற்றமும் வளர்ச்சியும்

ஊஞ்சலிலிருந்து பெரிய அரண்மனை நடை தூரம். வாசலுக்குச் சற்று முன்னால் ஒருவர் நல்ல சட்டை போட்டு, கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு நிற்பார். 'இன்று பூஜை, அரண்மனை மூடியாச்சு, வாருங்கள் டுக்டுக்கில் இருபது பாட்டுக்கு ஊர் காட்டுகிறேன்' என்பார். ஊர் என்பது ஒரு ரத்தினக் கடையும் ஒரு தையற்கடையும். அரண்மனையோ மாலை மூன்றரை வரை திறந்தே இருக்கும். விமான நிலையத்தில் 'விரைவில் புறப்படும்' என்கிறார்கள், புறப்படாது. அரண்மனை வாசலில் 'மூடியாச்சு' என்கிறார்கள், மூடியிருக்காது. ஒரே நாளில் இவ்விரு அறிவிப்புகளையும் கேட்டவர்க்கு அளவை நூலில் வேறு பாடம் தேவைப்படாது.

அரண்மனைக்குள் அரைக்கால்சட்டையோடு விடமாட்டார்கள். நகர்வலத்தாரில் பட்டாயா சென்று மீண்டோர் பெரும்பாலும் முழங்காலுக்கு மேலேயே உடுத்தவர்கள். அவர்களின் முழுக்கால்சட்டை பெட்டியில், பெட்டி சுவர்ணபூமியின் வயிற்றில். காவலர் முழங்காலைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார். சாலைக்கு எதிர்ப்புறம் கடைக்காரம்மா அதற்கென்றே காத்திருக்கிறார். கம்பியில் நூற்றுக்கணக்கில் யானைகள். இப்புள்ளியில் பாய்க்கும் கால்சட்டைக்கும் இடையிலான சங்கிலி முற்றுப்பெறுகிறது, நோக்கம் நிறைவேறியது. கட்டுரையை இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் கால்சட்டையை இதுவரை எவரும் விரித்துப் பார்த்து ஆராயவில்லை.

மெல்லிய துணி. இடுப்பில் ரப்பர், அதற்குமேல் ரப்பரை நம்பாதவர்களுக்காக ஒரு நாடா. கணுக்காலிலும் ரப்பர். 'ஃப்ரீ சைஸ்' என்கிறார்கள். ஒல்லியானவர் போட்டால் இரண்டு பாவாடை, பருத்தவர் போட்டால் யானைகளுக்கு முகம் அகன்றுவிடும். பேரம் பேசத் தெரிந்தால் நூறு பாட். ஒரே ஒரு பை. அதில் செல்போன் வைத்தால் உட்காரும்போது வெளியே வந்துவிடும். குந்துதல்: கூடாது. வரலாற்று நோக்கில், சுற்றுலாப் பயணிக்காகப் பிறந்த இவ்வுடையை இன்று உள்ளூர் இளைஞர்களும் போடுகிறார்கள். சீனாவிலிருந்து போலி யானைகள் குவிவது கண்டு 2024 தொடக்கத்தில் தாய்லாந்து அரசு நடவடிக்கையில் இறங்கியது. நக்கோன் ராச்சசிமாக்காரர்கள் தங்கள் ஊர்க் கோராட் பூனையை வைத்துப் பூனைக் கால்சட்டை கொண்டுவந்தார்கள். பூனையைப் பற்றிய ஆய்வு வேறொருவர்க்கு விடப்படுகிறது. அவரும் 'இதுவே முதல் ஆய்வு' என்று எழுதிக்கொள்ளட்டும்.

இனித் திசை. துணியில் ஒரு வரிசை யானைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நடக்கின்றன, அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் பார்த்து. அதே துணியில் இரு காலையும் வெட்டுவதால், ஒரே வரிசை ஒரு காலில் உட்பக்கம் நோக்கி வருகிறது. மற்றக் காலில் வெளிப்பக்கம் நோக்கிப் போகிறது. அதாவது ஒரு கால் வருகை, ஒரு கால் புறப்பாடு. விமான நிலையத்தில் இரண்டு தளமும் ஏராளமான பலகைகளும் வைத்துச் சொல்லும் செய்தியை ஒரு கால்சட்டை நூறு பாட்டில் சொல்லிவிடுகிறது, தாமதமின்றி.

அடுத்தது இவ்வாய்வின் உச்சம்: தையலில் அகப்பட்ட யானை. தொடையின் வெளித்தையலில் இரண்டு துண்டும் சேருமிடத்தில் தையற்காரர் யானையைப் பார்ப்பதில்லை, நூலைப் பார்க்கிறார். விளைவாக, வரிசை பிசகி, ஒரு யானையின் முன்பாதி மற்றொரு யானையின் முன்பாதியிலேயே போய் முட்டுகிறது. இவ்வாய்வாளரின் கால்சட்டையில், இடது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, இரண்டு துதிக்கை, நான்கு கால், ஒரே காது, வால் அறவே இல்லாத உயிர் ஒன்று தெளிவாக நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே வால் மட்டும் இரண்டு கொண்ட மற்றொன்று. இவை ஒரு யானையா, இரண்டா, இரண்டு அரையா?

ஒன்றே என்பார் தாராசுரத்தைக் காட்டுவர். இரண்டாம் ராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்றொரு சிற்பம் உண்டு. ஒரே தலை, இந்தப் பக்கம் பார்த்தால் காளை, அந்தப் பக்கம் பார்த்தால் யானை. 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு தலையை இரண்டு உடலுக்குப் பங்கிட்டான். பாங்காக் தையற்காரர் இரண்டு தலைக்கு உடலே கொடுக்கவில்லை. எனவே தாராசுரத்தின் தொடர்ச்சி இது என்று ஒரு கட்டுரையும், எதிர்வினை என்று ஒரு கட்டுரையும் எழுத இடமுண்டு. ஒரே ஆசிரியர் இரண்டையும் எழுதுவதற்கும் தடையில்லை, இதழ்கள் வேறாக இருந்தால் போதும். இரண்டே என்னும் தரப்பின் வாதம் பின்வருமாறு: 'யானை என்ன யானை, துணி மிச்சம் பண்ணியிருக்கான்' (காண்க: நீலச் சட்டைக்காரர், 'எனக்கு அப்பவே தெரியும்', முதல் தொகுதி, கவுண்ட்டர் முன் உரத்த குரலில் வெளியானது; இரண்டாம் தொகுதி, கழிவறை வரிசையில் நின்றபடி ஆசிரியரே பிழை திருத்தியது; மூன்றாம் தொகுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒலிவடிவம், இடையிடையே டிங்-டாங்; அணிந்துரை மைத்துனர்; அணிந்துரைக்கு மறுப்புரை மனைவி; மறுப்புக்கு மறுப்பு எழுதத் துணிந்தவர் இலர்).

மேற்படியார் இதைக் கூறிய சூழலும் பதிவு செய்யத்தக்கது. நாலு மணிக்கு நகர்வலத்தார் ஒவ்வொருவராகக் கவுண்ட்டருக்குத் திரும்பினர். முதலில் வந்தவர் கறுப்பு யானை. அடுத்தவர் கத்திரிப்பூ யானை. பிறகு அப்பா, பிள்ளை, பிள்ளையின் நண்பன் என மூவர், ஒரே பச்சையில். ஒருவர் காலை ஒருவர் பார்த்தனர், ஒருவரும் பேசவில்லை. கடைசியாக, கவுண்ட்டரை விட்டு நகரவே மாட்டார் என்று நாம் வகைப்படுத்தியிருந்த நீலச் சட்டைக்காரர் சிவப்பு யானையில் வந்து சேர்ந்தார்.

'நீங்களும் பேலஸ் போனீங்களா சார்?'

'சேச்சே. ஏர்போர்ட்லயே விக்கிறான். சும்மா, காத்தோட்டமா இருக்கும்னு வாங்கினேன்.'

'எவ்வளவு சார்?'

விலையைச் சொன்னார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அதில் அனுதாபமும் இருந்தது, அவரவர் நூறு பாட்டின் பெருமிதமும் இருந்தது. அவர் மனைவி அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே, 'அவருக்கு அப்பவே தெரியும்' என்றார்.

பின்னிணைப்பு: வாய்மொழித் தேர்வு

விமானம் எப்படியோ வந்தது, எப்படியோ கிளம்பியது. அவை ஆய்வு எல்லைக்கு வெளியே. ஊர் திரும்பியபின் கம்பெனிக்கு இழப்பீட்டு விண்ணப்பம் அனுப்பினோம். படிவத்தில் 'தாமதத்தால் நேர்ந்த நியாயமான செலவுகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'கால்சட்டை ஒன்று, நூறு பாட்' என்றெழுதி, பாய் எரிந்ததிலிருந்து முழங்கால் தடுக்கப்பட்டது வரையிலான காரண காரியத் தொடரை மேற்கண்ட இயல்களின் சுருக்கமாக இணைத்திருந்தோம். தங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் ஏற்பட்ட தாமதம் என்று கம்பெனி பதில் எழுதியது. கால்சட்டை வாங்கியது எங்கள் கட்டுப்பாட்டையும் மீறியதுதான் என்று மறுமொழி எழுதினோம். அசல் ரசீது கேட்டார்கள். நடைபாதைக் கடையில் ரசீது தருவதில்லை, கால்சட்டையே ரசீது. வேண்டுமானால் இடது முழங்காலுக்கு மேலுள்ள இருதுதிக்கை யானையை நேரில் பார்வையிடலாம் என்று விரிவாக ஒரு கடிதம் போயிருக்கிறது. அதற்கு இன்னும் பதில் இல்லை. வரும்வரை அதைத் துவைக்க வேண்டாம், முதல் துவையலிலேயே சாயம் போய்ச் சான்று அழிந்துவிடும் என்பது இவ்வாய்வின் வழிகாட்டியான சலவைக்காரர் கருத்து.